பரிசு கொடுத்தவர் பெயர் இருக்கிறது, ஸ்கோர் எங்கே?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளி அணியில் பூப்பந்து ஆடுகிறாள். கம்பளிப் பந்தில் ஆடும் பால் பேட்மிண்டன் அது; ஷட்டில் என்று சொல்லும் இறகுப்பந்து வேறு. குறுவட்டப் போட்டியில் வென்று வருவாய் மாவட்ட அளவுக்குப் போன அணி அது. எந்த நாளிதழிலும் ஒரு வரி வரவில்லை. உள்ளூர் நிருபரிடம் கேட்டதற்கு, "அதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் அம்மா, கிரிக்கெட் என்றால் சொல்லுங்கள்" என்று பதில் வந்திருக்கிறது. விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு மனம் இவ்வளவு குறுகலா, அல்லது என் மகள் ஆடுவது விளையாட்டுக் கணக்கிலேயே வராதா என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி: "இதை நிறுத்திவிட்டு இறகுப்பந்துக்கு மாற்றிவிடலாமா?"

அம்மா, நீங்கள் பத்திரிகைகளைப் பற்றிக் கேட்பதுபோல இருந்தாலும், உங்கள் மகள் மைதானத்தில் செலவழிக்கும் காலைப் பொழுதுகளுக்கு மதிப்பு உண்டா என்பதுதான் கேள்வி என்று எனக்குப் படுகிறது. உண்டு. அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்குப் போகிறேன். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலுமாக இருபத்தாறு வருடம் நாளிதழ் நிருபராக இருந்தவன் நான். அதில் பெரும்பகுதி விளையாட்டுச் செய்திதான். என் அனுபவம் அச்சுப் பத்திரிகையோடு சரி. தொலைக்காட்சிக்காரர்கள் எதைக் காட்டுகிறார்கள், ஏன் காட்டுகிறார்கள் என்பதைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

பூப்பந்து வேறெங்கிருந்தோ வந்த ஆட்டம் என்று உங்கள் நிருபர் நினைத்திருந்தால், அவர் நிற்கும் மண்ணையே அவருக்குத் தெரியவில்லை. இந்த ஆட்டத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் தொடங்குவதே தஞ்சாவூரிலிருந்துதான். 1856-லேயே இங்கே அரச குடும்பத்தார் ஆடினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அந்த ஆண்டை வைத்துக்கொண்டு நான் யாருடனும் வாதாட மாட்டேன். ஆட்டத்தின் பெருமை அதில் இல்லை. உறுதியாகச் சொல்லக்கூடியவை வேறு. 1954-ல் இதற்குத் தேசியக் கூட்டமைப்பு அமைந்தது. 1970-ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது வாரங்கல்லைச் சேர்ந்த ஜே. பிச்சய்யாவுக்கு இந்த ஆட்டத்துக்காகவே கிடைத்தது. மஞ்சள் கம்பளிப் பந்து, எடை 27 முதல் 30 கிராம். ஆடுகளம் 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். இறகுப்பந்துக் களத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல். பக்கத்துக்கு ஐந்து பேர். 35 புள்ளி எடுத்தால் ஒரு செட். கம்பளிப் பந்து தரையில் பட்டு எழும்பாது என்பதால் பந்து விழும் முன்பே அடித்தாக வேண்டும். பெரும்பாலும் கூரை இல்லாத திறந்தவெளியில் காற்றையும் சேர்த்து ஆட வேண்டும்.

ஒரு ஆட்டத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானம், மார்கழி மாதக் காலை. வாய்க்கால் ஓரத்துக் களம் என்பதால் புல்லில் பனி கொட்டிக் கிடந்தது. முதல் செட் பாதி ஆவதற்குள் பந்து நனைந்துவிட்டது. கம்பளி ஈரத்தைக் குடித்தால் பந்து கனக்கும். கனத்த பந்து வழக்கமான தூரம் போகாது, முன்னாலேயே விழும். எதிரணிப் பெண்கள் பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் நடுவில் நின்ற பெண், சென்டர் என்று சொல்வோமே, அவள் பந்தைக் கையில் வாங்கி ஒரு தரம் அமுக்கிப் பார்த்தாள். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது. நடுவரிடம் எதுவும் கேட்கவில்லை. பின்னால் நின்ற இருவருக்கும் கையைக் காட்டினாள். அவர்கள் இரண்டடி முன்னால் வந்தார்கள். அதற்குப் பிறகு அவள் பந்தைத் தூக்கி அடிக்கவே இல்லை, வலையை ஒட்டி ஒட்டிப் போட்டாள். ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்த அணி அந்த செட்டை எடுத்தது. வெயில் ஏறிப் பனி காய்ந்து, புதுப் பந்து வந்த பிறகு மறுபடியும் இரண்டடி பின்னால் போகச் சொன்னாள். பதினான்கு பதினைந்து வயதுப் பெண் அவள். பந்து என்ன சொல்கிறது என்பதை அந்த மைதானத்தில் அவளுக்கு முன்னால் ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் பத்திரிகையில் வந்தது என்ன தெரியுமா? போட்டிக்கு யார் தலைமை வகித்தார், யார் முன்னிலை வகித்தார், யார் வரவேற்றார், கோப்பையை யார் வழங்கினார், யார் நன்றி கூறினார். பள்ளியின் பெயர் ஒரு தரம் வந்தது. ஸ்கோர் இல்லை, அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. எழுதியவன் நான்தான். ஆட்டம் முழுவதையும் கண்ணால் பார்த்து, குறிப்பேட்டிலும் எழுதி வைத்திருந்தும், அனுப்பியது விழாச் செய்தி. அப்படி எழுதித்தான் எனக்குப் பழக்கம். அதற்கு இரண்டு வருடம் கழித்து நான் விரிவாக எழுதிய ஒரு பூப்பந்துச் செய்திக்கு, பக்கம் தயாரித்தவர்கள் இறகுப்பந்துப் படத்தைப் போட்டுவிட்டார்கள். இரண்டும் ஒன்று என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். காலையில் அதைப் பார்த்த பயிற்சியாளர் எனக்கு போன் செய்து, கோபப்படாமல், "பரவாயில்லை சார், பெயராவது சரியாக வந்திருக்கிறது" என்றார். அந்தப் "பரவாயில்லை" இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு நான் சொல்லும் பதில் இது. மனக்குறுகல் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் வெறுப்பால் வருவதில்லை. பூப்பந்து கூடாது என்று எந்த ஆசிரியரும் என்னிடம் சொன்னதில்லை. அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள யாரும் மெனக்கெடவில்லை. நானும் பல வருடம் மெனக்கெடவில்லை. எல்.பி.டபிள்யூ. விதியின் நுணுக்கத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய நிருபருக்கு, பூப்பந்தில் ஒரே ஆட்டக்காரர் பந்தைத் தொடர்ந்து இரண்டு முறை அடிக்கக் கூடாது என்பது தெரியாது. தெரியாத ஆட்டத்தில் எது திருப்புமுனை என்று கண்ணுக்குப் படாது. கண்ணுக்குப் படாததால் தலைமை வகித்தவரின் பெயரை எழுதி இடத்தை நிரப்புகிறோம்.

வேலை நடக்கும் விதமும் இதற்குத் துணை போகிறது. கிரிக்கெட் செய்தி ஏஜென்சியிலிருந்து எழுதித் தயாராக, படத்தோடு வந்து விழுகிறது. உள்ளூர் ஆட்டத்துக்கு ஒருவர் நேரில் போய் நிற்க வேண்டும். நான் வேலை செய்த காலத்தில் மாவட்டப் பக்கம் சாயங்காலமே மூடப்படும். பொங்கலுக்கு மின்விளக்கில் நடக்கும் கபடி இறுதியாட்டம் விடியற்காலை இரண்டு மணிக்கு முடிந்தால், அது மறுநாளைக்கு மறுநாள்தான் அச்சேறும். அதற்குள் பழைய செய்தி என்று ஒதுக்கிவிடுவார்கள். பகுதிநேர நிருபருக்கு அச்சாகும் செய்தியின் அளவுக்குத்தான் பணம். நான்கு மணி நேரம் மைதானத்தில் நின்று நான்கு வரிக்குக் கூலி வாங்க வேண்டியவர், பரிசளிப்பு நேரத்துக்கு மட்டும் வருவதில் அதிசயம் இல்லை. உங்களுக்குப் பதில் சொன்ன நிருபரை நான் நியாயப்படுத்தவில்லை. அவருக்கும் நேரமும் கூலியும் கொடுத்தால் வேறு மாதிரி எழுதுவார் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

"யாரும் படிக்க மாட்டார்கள்" என்பது மட்டும் தவறு என்று திடமாகச் சொல்வேன். கபடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியிலிருந்து போன குழு அங்கே ஆடிக் காட்டிய ஆட்டம் அது. 1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியானது. இருந்தும் எங்கள் பக்கத்தில் அதற்குக் கிடைத்தது மூலையில் ஒரு பெட்டிச் செய்திதான். 2014-ல் புரோ கபடி லீக் வந்தது. பாடி வருகிறவருக்கு உள்ள முப்பது விநாடியைக் காட்டும் கடிகாரம் திரையில் ஓடியது. போனஸ் புள்ளிக்கான கோட்டைக் கால் தாண்டியதா என்று மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ களத்தில் நிற்கும்போது பாடி வந்தவரைப் பிடித்தால் கூடுதல் புள்ளி ஏன் என்று விளக்கினார்கள். உடனே எல்லாப் பத்திரிகைகளும் கபடி எழுதத் தொடங்கின. ஆட்டம் பழைய ஆட்டம்தான். படிக்கிறவரும் பழையவர்தான். எங்கள் ஊர்த் திடல்களில் சலித்த மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, எடைப் பிரிவு ஆட்டத்துக்கு இராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தராசில் ஏறி நின்ற பையன்களைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து பார்த்தது 2014-க்கு முன்பும் நடந்ததுதான்.

தஞ்சை மாவட்டத்துத் திருச்சென்னம்பூண்டியில் 1975-ல் பிறந்த தர்மராஜ் சேரலாதன், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு 2016-ல் பாட்னா அணிக்குத் தலைவராக இருந்து புரோ கபடிக் கோப்பையை வென்றார். அவர் இருபதுகளில் இருந்தபோது அவரைப் பற்றி நான் ஒரு முழுக் கட்டுரைகூட எழுதியதில்லை. கல்லணைக்குப் பக்கத்து ஊர்தான் அது, பஸ் ஏறினால் போய்விடலாம். இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் உங்கள் பக்கத்து வடுவூர்ப் பையன் ஒருவர் இருந்தார். அவர் வீட்டு வாசலுக்கு நிருபர்கள் போனார்கள். வடுவூரில் கபடி எத்தனையோ வருடமாக ஊறிப்போன ஒன்று. இந்த மாற்றத்துக்குக் காரணம் பத்திரிகைகளின் மனம் விரிந்ததா, விளம்பரம் வந்ததா என்று கேட்டால், விளம்பரம் முதலில் வந்தது, மனம் பின்னால் வந்தது என்பது என் கணிப்பு. நிரூபிக்க என்னிடம் கணக்கு இல்லை. பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

இதெல்லாம் விளையாட்டுதானா என்ற இரண்டாவது கேள்வி. எது விளையாட்டு என்ற எல்லைக்கோடு ஒரே இடத்தில் நின்றதே இல்லை. பொங்கலன்று நம் தெருவில் நடக்கும் கயிறு இழுக்கும் போட்டி, 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக் போட்டியாக இருந்தது. அதே 1900-ல் கிரிக்கெட்டும் ஒலிம்பிக்கில் ஒரே ஒரு ஆட்டமாக நடந்து மறைந்தது. இனி 2028-ல் லாஸ் ஏஞ்சலஸில்தான் திரும்பி வருகிறது. உடம்பு வியர்த்தால்தான் விளையாட்டு என்பாரும் உண்டு. அவர்கள் நீடாமங்கலத்துக்கு அருகே பூவனூர் போய் சதுரங்க வல்லபநாதரைப் பார்க்கட்டும். ஈசனே சதுரங்கம் ஆடி வென்றதாகத் தலபுராணம் சொல்லும் கோயில் அது. 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது அந்தச் செய்தியை யாரும் பொழுதுபோக்குப் பக்கத்தில் போடவில்லை. கேரம் வீட்டுத் திண்ணையில் ஆடுவதுதானே என்பார்கள். மரிய இருதயத்துக்கு 1996-ல் அர்ஜுனா விருது கிடைத்தது கேரம் ஆடித்தான். விதி இருக்கிறதா, நடுவர் இருக்கிறாரா, பயிற்சியால் திறமை கூடுகிறதா, தோற்பவர் தோற்றுவிட்டோம் என்று ஒப்புக்கொள்ளும்படி முடிவு தெளிவாக இருக்கிறதா, இவற்றைத்தான் நான் பார்ப்பேன். இந்த அளவுகோலில் பூப்பந்து எந்த ஆட்டத்துக்கும் குறைந்தது கிடையாது.

ஆனால் மனம் திறந்திருப்பது என்றால் வருவதையெல்லாம் வாழ்த்தி எழுதுவது என்று ஆகிவிட்டது. இதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. சிலம்பத்துக்கு நடப்பதைப் பாருங்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் அது செயல்விளக்க ஆட்டமாக இடம்பெற்றது. தொடுமுறைப் போட்டியைப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத் தெரியும். கம்பின் நுனி எதிராளியின் உடம்பைத் தொடும் அந்த நொடியைக் கண்ணால் பிடிப்பதே பெரும்பாடு. கால் எடுத்து வைப்பதில்தான் பாதி ஆட்டமும் இருக்கிறது. அதைப் பற்றி எத்தனை வரி வருகிறது? மண்பானை மேல் நின்று மூன்று மணி நேரம் கம்பு சுற்றிச் சிறுமி உலக சாதனை என்று படத்தோடு வருகிறது. குழந்தையின் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. அதை யார் அளந்தார்கள், யாரோடு போட்டியிட்டாள், சான்றிதழ் தந்த அமைப்புக்குப் பெற்றோர் எவ்வளவு கட்டினார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. சர்வதேசப் போட்டி என்று அழைப்பிதழ் வரும். எத்தனை நாடு, ஒரு பிரிவில் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் மழுப்பலாக இருக்கும். ஒரு பிரிவில் மூன்றே பேர் மோதி மூவரும் பதக்கத்தோடு வீடு திரும்பிய போட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். கிரிக்கெட் வாரியத்தைக் கேள்வி கேட்கத் தயங்காத பேனா, சின்ன ஆட்டத்தின் சங்கத்தைக் கேட்கத் தயங்கினால், அந்த ஆட்டத்தை அது சமமாக மதிக்கவில்லை என்றே அர்த்தம். "ஐயாயிரம் ஆண்டுப் பழமை" என்று ஒரு வரி எழுதிக் கடமையை முடித்துக்கொள்வதும் அப்படித்தான். ஆட்டத்தின் வயதை எழுதுவது சுலபம், நேற்றைய ஆட்டத்தை எழுதுவது கடினம்.

ஜல்லிக்கட்டு இன்னும் சிக்கலானது. 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, 2017-ல் சட்டத் திருத்தம் வந்தது, 2023-ல் அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பானது. திருக்கானூர்பட்டியில் வாடிவாசல் திறந்த மறுநாள் செய்தியில் இருப்பது எத்தனை காளை, எத்தனை பேர் காயம் என்ற இரண்டு எண்தான். திமிலைப் பிடித்தவர் எதனால் நிலைத்தார், இன்னொருவர் எதனால் தூக்கி எறியப்பட்டார் என்பதும் இல்லை. காயம் குறைய என்ன செய்யலாம், காளைக்கு என்ன ஆகிறது என்ற கேள்வியும் இல்லை. பெருமை பேசவும் கண்டிக்கவும் ஆள் இருக்கிறது, ஆட்டத்தைப் பார்க்கத்தான் இல்லை. வரகூர் உறியடி ஆன்மிகப் பக்கத்தில் வரும். வழுக்கு மரம் ஏறுகிறவனின் முழங்கால் பிடியை எந்தப் பக்கத்திலும் படித்த நினைவு எனக்கு இல்லை.

வெளிநாட்டுச் செய்தியிலும் இதே நோய் உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் நடனம் முதல் முறையாகப் போட்டியானது. பெண்கள் பிரிவில் ஜப்பானின் அமி தங்கம் வென்றார். நம் வாசகருக்குப் பெரும்பாலும் போய்ச் சேர்ந்தது அவர் பெயர் இல்லை; ஒரு வாக்குக்கூட வாங்காமல் தோற்ற ஆஸ்திரேலியப் பெண்ணைப் பற்றிய கேலிதான். புதிய ஆட்டம் என்றாலே வேடிக்கைப் பொருளாகப் பார்க்கும் கண் அது. உங்களிடம் "கிரிக்கெட் என்றால் சொல்லுங்கள்" என்ற குரலும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது.

பத்திரிகையில் எழுதினால் ஆட்டம் வளரும் என்று நான் நம்புகிறேன். அது நம்பிக்கைதான். ஒரு பள்ளியில் பூப்பந்து நிலைப்பது, பெரும்பாலும் அந்தப் பள்ளியில் ஒரு உடற்கல்வி ஆசிரியர் எத்தனை வருடம் மாறுதல் இல்லாமல் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. எங்கள் கட்டுரைகளுக்கு அவ்வளவு வலிமை இல்லை. ஆனால் ஆடியவர் பெயரும் ஸ்கோரும் அச்சில் இல்லாவிட்டால், இருபது வருடம் கழித்து அந்த ஆட்டம் நடந்ததற்கே சாட்சி இருக்காது. நீடாமங்கலத்தில் பந்தை அமுக்கிப் பார்த்த அந்தப் பெண்ணின் பெயரை நான் எழுதியிருந்தேன் என்றால் இன்று தேடி எடுத்திருப்பேன். குறிப்பேடு வெள்ளத்தில் நனைந்து போயிற்று.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். பத்திரிகையில் வரவில்லை என்பதற்காக மகளை இறகுப்பந்துக்கு மாற்ற வேண்டாம். அவளுக்கே இறகுப்பந்து பிடித்திருந்தால் மாற்றுங்கள், அது வேறு விஷயம். கல்லூரிச் சேர்க்கைக்கும் வேலைக்கும் உள்ள விளையாட்டு ஒதுக்கீட்டில் எந்தெந்த ஆட்டத்துக்கு, எந்த அளவுப் போட்டிச் சான்றிதழ் செல்லும் என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் நேரில் கேளுங்கள். பட்டியல் அவ்வப்போது மாறும் என்பதால் என் பேச்சை நம்பி முடிவெடுக்காதீர்கள். மகளின் முழங்காலும் தோளும் எப்படி இருக்கின்றன என்பதைப் பயிற்சியாளரிடம் அவ்வப்போது விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த போட்டிக்குப் போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுபோங்கள். ஒவ்வொரு செட்டின் ஸ்கோரையும் எழுதுங்கள். இரண்டு அணியிலும் ஆடிய பத்துப் பேரின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், தோற்ற அணியை விட்டுவிடாதீர்கள். எந்தக் கட்டத்தில் ஆட்டம் திரும்பியது என்று பயிற்சியாளரிடம் கேட்டு அவர் சொன்னதை இரண்டு வரியில் குறியுங்கள். கோப்பையோடு வரிசையாக நிற்கும் படம் வேண்டாம். பந்து மட்டையில் படும்போது எடுத்த ஒரு படம் போதும். படத்துக்குக் கீழே "இது பூப்பந்து" என்று மறக்காமல் எழுதுங்கள். மாலை ஐந்து மணிக்குள் அந்த நிருபருக்கே அனுப்புங்கள், அவரையே திரும்பத் திரும்பக் கேளுங்கள். முதல் முறை போட மாட்டார். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ பக்கத்தில் இடம் காலியாக இருக்கும் ஒரு நாளில் நான்கு வரி வரும். தலைமை வகித்தவரின் பெயர் அதில் எத்தனையாவது வரியில் இருந்தாலும் இருக்கட்டும். உங்கள் மகளின் பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா, பக்கத்தில் 35-31 என்பதுபோல ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தத் துண்டைத் தேதியோடு வெட்டி, தண்ணீர் படாத இடத்தில் வையுங்கள்.